விதையிட்டு வளர்க்க எளிய மலர்கள்: தேர்வும் தொடக்கமும்

வாசலிலோ கொல்லையிலோ மொட்டைமாடியிலோ நாலு பூச்செடி இருக்கவேண்டுமென்று விரும்பாத குடும்பம் நம் நாட்டில் அரிது. ஆயினும் அவ்விருப்பத்தோடு கடைக்குச் சென்று, உறையின் மேல் அச்சிட்டிருக்கும் வர்ணப் படத்தைக் கண்டு மயங்கி, பத்து வகை விதைகளை ஒரே நாளில் வாங்கி வந்து, அவற்றையெல்லாம் ஒரே ஆழத்தில் புதைத்து, ஒரே அளவாய் நீர் ஊற்றி, மாதமொன்று கழிந்தபின் வெறுந்தொட்டிகளைப் பார்த்துத் தமக்குக் கைராசி இல்லையென்று தீர்மானித்துவிடுபவர்களே பலர். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேர்வு பிசகினால் தேர்ந்த தோட்டக்காரனுக்கும் செடி வராது. தேர்வு சரியாக அமைந்துவிட்டால், மண்வெட்டி பிடித்து அறியாதவரும் இரண்டு மாதத்தில் பூப் பறிக்கலாம்.

எந்த மலர் எளியது என்பதை அம்மலரின் ஜாதி மாத்திரம் நிச்சயிப்பதில்லை. உங்கள் வீட்டில் விழும் வெயிலும், நீங்கள் விதைக்கும் மாதமும் அதனோடு சேர்ந்தே நிச்சயிக்கின்றன. இந்த அத்தியாயத்தில் கூறுவனவெல்லாம் தமிழ்நாட்டுச் சமவெளியின் சீதோஷ்ணத்துக்கு உரியவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலைப் பிரதேசங்களில் வசிப்போருக்குப் பட்டமும் வேறு, செடிகளும் வேறு.

விதையால் வருவன, வராதன

நாம் அன்றாடம் பார்க்கும் பூக்களில் விதை போட்டு வளர்க்கத்தக்கவை சில; குச்சியாலோ பதியனாலோ பக்கக் கன்றாலோ மட்டும் வளர்க்கத்தக்கவை சில. இவ்வேற்றுமையை அறியாமல் தொடங்குவதே முதற் பிழை.

- மல்லிகை, முல்லை, ரோஜா, செம்பருத்தி ஆகியவற்றுக்கு விதையைத் தேடவேண்டாம். மதுரை மல்லிகையின் கன்றுகளே ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் குச்சி நட்டு வேர்பிடிக்கச் செய்து அனுப்பப்படுபவைதாம்.
- சாமந்தியைத் தாய்ச்செடியின் அடியில் தோன்றும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் போதும்.
- நாட்டுக் கனகாம்பரம் விதையால் வரும். ஆயினும் முளைக்க இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும், விதையின் ஜீவசக்தியும் விரைவில் குன்றிவிடும். ஆகையால் அதை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்க. டெல்லி கனகாம்பரம் விதையே வைப்பதில்லை. அதற்குக் குச்சிதான் வழி.

எளிய மலருக்கு நான்கு லட்சணங்கள்

ஒரு விதை உங்களுக்கு ஏற்றதா என்று அறிய, அதைப் பின்வரும் நான்கு கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். மூன்றுக்காவது சாதகமான விடை கிடைத்தால் தாராளமாக விதைக்கலாம்.

1. விதையைத் தனித்தனியே விரலால் எடுக்க முடிகிறதா? எடுக்க முடிந்த விதையை வேண்டிய ஆழத்தில், வேண்டிய இடைவெளியில் வைக்கலாம். பெட்டூனியாவைப் போலப் பொடியாய் இருக்கும் விதை, ஒரு தும்மலில் போய்விடும். முளைத்தபின்பும் பூவாளியின் நீருக்கே சாய்ந்துவிடும்.
2. பத்து நாளுக்குள் முளைக்கிறதா? நாள் ஏற ஏற எறும்பு, பூஞ்சை, மறதி ஆகிய மூன்று சத்துருக்களுக்கும் அவகாசம் ஏறுகிறது.
3. இரண்டு மூன்று மாதத்தில் பூக்கிறதா? முதல் முயற்சியின் பலன் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி இரண்டாம் முயற்சிக்கு உற்சாகம் பிறப்பதில்லை.
4. ஒரு நாள் நீர் ஊற்றத் தவறினால் பொறுத்துக்கொள்கிறதா? உத்தியோகத்துக்கும் பள்ளிக்கும் ஓடும் குடும்பங்களில் இதுவே தலையாய லட்சணம்.

முதலில் வெயிலை அளந்துகொள்க

விதை வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. செலவில்லாதது, ஆனால் பெரும்பாலோர் செய்யாதது.

1. விடுமுறை நாள் ஒன்றில், தொட்டி வைக்கக் கருதியிருக்கும் இடத்தைக் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை பாருங்கள்.
2. நேர்வெயில் விழும் மணிகளை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். வெளிச்சம் இருப்பது வேறு, வெயில் விழுவது வேறு.
3. 6 மணி நேரமும் அதற்கு மேலும் என்றால், இவ்வத்தியாயத்தில் கூறும் எட்டு மலர்களுமே உங்களுக்கு வரும்.
4. 3 முதல் 5 மணி நேரம் என்றால், காசித்தும்பை, அந்திமந்தாரை, கைப்பழக்கம் வந்தபின் நித்தியகல்யாணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்க.
5. அதற்கும் குறைவு என்றால், அவ்விடத்தில் பூச்செடி வைக்கும் எண்ணத்தை விட்டு, இலையழகுக்காக வளர்க்கும் செடிகளை நாடுவது உத்தமம்.

பட்டம் பார்த்தல்

ஆடிப் பட்டம் தேடி விதைப்பது உழவனுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. தொட்டியில் விதைப்பவருக்கும் அது பொருந்தும். பூ வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பதே முறை.

- ஆடி, ஆவணி: செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. ஆடி முதல் வாரத்தில் விதைத்த செண்டுமல்லி ஆயுத பூஜையை ஒட்டிப் பூக்கத் தொடங்கும்.
- ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழைக் காலமாகையால் திறந்த வெளியில் விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போகும். தாழ்வாரத்திலோ கூரைக்கடியிலோ தட்டில் நாற்று விட்டு, மழை ஓய்ந்த நாளில் நடுக. ஐப்பசி நடுவில் விதைத்த செண்டுமல்லி பொங்கலுக்கு உதவும்.
- தை, மாசி: ஜீனியா, காஸ்மோஸ், சூரியகாந்தி, சங்குப்பூ. மழை நின்று உஷ்ணம் மெல்ல ஏறும் இப்பருவம் தொடங்குவோருக்கு எல்லாவற்றிலும் அனுகூலமானது.
- சித்திரை, வைகாசி: புதிதாக விதைப்பதைத் தவிர்க்க. அக்கினி நட்சத்திர வெயிலில் மேல்மண் ஒரு பகலுக்குள் காய்ந்துவிடும். முளைவிட்ட விதை அத்தோடு மாய்ந்துபோகும்.

தொடங்குவோர்க்கு ஏற்ற எட்டு மலர்கள்

செண்டுமல்லி. சில ஊர்களில் கேந்தி என்றும் வழங்கும் இச்செடியின் பூர்விகம் மெக்சிகோ தேசம் என்றாலும், நம் மாலைகளிலும் தோரணங்களிலும் அது இல்லாத விசேஷம் இல்லை. விதை மெலிந்து நீண்டது. ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி வைக்கோல் நிறமாகவும் இருக்கும். கறுத்த பாதியை இரு நகங்களுக்கிடையே வைத்து மெல்ல அழுத்தினால் நல்ல விதை உறுதியாய் நிற்கும், பதர் வளைந்துவிடும். கால் அங்குல ஆழம். 4 முதல் 7 நாளில் முளைக்கும். 60 முதல் 80 நாளில் பூக்கும். குட்டை வகைக்கு முக்கால் அடியும், நெட்டை வகைக்கு ஒன்றேகால் அடியும் இடைவெளி விடுக.

காசித்தும்பை. சற்று நிழலையும் தாங்குவது. ஆனால் தாகம் தாங்காதது. நண்பகலில் இலை தொங்கினால் அச்சப்பட வேண்டாம். மாலையிலும் நிமிரவில்லையென்றால் அது நீர் கேட்கிறதென்று அறிக. விதையை நேரே தொட்டியிலேயே மெல்லிய மண் மூட விதைக்கலாம். ஒரு வாரத்துக்குள் முளைத்து, ஏறத்தாழ 50 நாளில் தண்டை ஒட்டி இலைக்கணுக்களில் பூக்கும்.

ஜீனியா. கடும் வெயிலில் களிக்கும் செடி. இதன் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜின் என்பவரின் நினைவாக இடப்பட்டது. வேரைக் கலைப்பது இதற்கு ஆகாது. ஆகையால் நிற்கவேண்டிய இடத்திலேயே கால் அங்குல ஆழத்தில் விதைக்க. இலை நனைய மாலையில் நீர் ஊற்றினால் வெண்பொடி தூவினாற்போல் சாம்பல் நோய் படரும். அடிமண்ணில் மட்டும் காலையில் ஊற்றுக. சுமார் 60 நாளில் பூக்கும். பறிக்கப் பறிக்க மேன்மேலும் பூப்பது இதன் தனிச் சிறப்பு.

காஸ்மோஸ். ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூக்கும் வகையையே சமவெளியில் தேர்ந்தெடுக்க. இளஞ்சிவப்பும் வெள்ளையுமான வகை குளிர்ந்த மாதங்களையே விரும்பும். எரு மிகுந்த மண்ணில் இலை மண்டி, பூ குறைந்துபோகும். ஆகவே பிற செடிகளுக்கு உதவாத எளிய மண்ணையே இதற்கு ஒதுக்கலாம். ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதைகள் தாமே முளைத்துவிடும்.

சூரியகாந்தி. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைப் போல உகந்தது வேறில்லை. விதை பெரிது, முளை பெரிது, வளர்ச்சி கண்கூடு. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பெயர்த்து நடுதல் கூடாது. ஓர் அங்குல ஆழத்தில், ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில் விதைக்க. இளமொட்டு சூரியனோடு திரும்பும். முற்றிய பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகையால் செடிக்குக் கிழக்கே நின்று நீங்கள் பார்க்கத்தக்கவாறு இடம் அமைத்துக்கொள்க. அணிலும் கிளியும் தோண்டி எடுக்காதபடி, முளைக்கும் வரை கம்பிக்கூடையால் மூடி வைப்பது நல்லது.

சங்குப்பூ. கொடி, நீலத்திலும் வெள்ளையிலும், ஒற்றையிலும் அடுக்கிலும் கிடைக்கும். விதையின் தோல் கெட்டியானது. ஒவ்வொரு விதையையும் சொரசொரப்பான தரையில் இரண்டு மூன்று முறை தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் பருத்திருப்பவற்றை மட்டும் அரை அங்குல ஆழத்தில் விதைக்க. பருக்காதவற்றை மீண்டும் தேய்த்து மீண்டும் ஊறவைக்க. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் வேர்முடிச்சுகளால் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். மிகுதியான உரம் வேண்டியதில்லை. முளைத்து ஓரடி உயருமுன் பற்றிப் படரக் கயிறோ குச்சியோ கட்டுக.

அந்திமந்தாரை. மாலை சுமார் 4 மணிக்கு மேல் மலர்ந்து மறுநாட்காலையில் கூம்பும். பகலெல்லாம் வெளியே சென்று அந்தியில் வீடு திரும்புவோருக்கு இதுவே தக்க துணை. மிளகை ஒத்த கரிய விதை. அரை அங்குல ஆழம் போதும். அடியில் கிழங்கு வைப்பதால் மேற்செடி பட்டுப்போனாலும் மழை கண்டதும் மீண்டும் தழைக்கும்.

வாடாமல்லி. பறித்துப் பல நாளானாலும் நிறம் மாறாதது, வறட்சியைத் தாங்குவது. விதை பஞ்சு போர்த்தியிருக்கும். ஒரு நாள் ஊறவைத்து, கையால் உதிர்த்து விதைக்க. முளைக்க 10 முதல் 14 நாள் ஆகுமாகையால் பொறுமை அவசியம். பூக்க இரண்டரை மாதத்துக்கு மேல் ஆனாலும், பூத்தபின் பல வாரங்கள் நிற்கும்.

*குறிப்பு:* இவ்வெட்டுக்கு அப்பால், சிறிது கைப்பழக்கம் வந்தபின், கோழிக்கொண்டையையும் நித்தியகல்யாணியையும் முயலலாம். முன்னதன் நாற்றைச் சிறு கலத்தில் நெடுநாள் அடைத்து வைத்தால் குட்டையாகவே நின்று, சிறு கொண்டையோடு முடிந்துவிடும். பின்னதன் விதைக்கு முளைக்க இருள் தேவை. விதைத்த தட்டை முளை தோன்றும் வரை தாளால் மூடி வைக்கவேண்டும்.

விதை வாங்குதலும் சோதித்தலும்

உறையின் மேலுள்ள படத்தைப் பார்க்குமுன் உறையின் பின்புறத்தைப் பாருங்கள். சோதனை செய்த தேதி, முளைப்புத் திறன், செடியின் உயரம் ஆகிய மூன்றும் அங்கே இருக்கவேண்டும். தேதி இல்லாத உறையையும், கடை வாசலில் வெயில் படத் தொங்கும் உறையையும் வாங்காதீர்கள். வீட்டில் பழைய விதை இருந்தால் அதைக் குப்பையில் எறியுமுன் இவ்வாறு சோதிக்க:

1. 10 விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்புக.
2. துணியைச் சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, நிழலான இடத்தில் வைக்க.
3. நாள்தோறும் ஒருமுறை திறந்து பார்த்து, காய்ந்திருந்தால் சில துளி நீர் தெளிக்க.
4. அம்மலருக்குரிய நாட்கள் கழிந்தபின் முளைத்தவற்றை எண்ணுக. 7-ம் அதற்கு மேலும் என்றால் வழக்கம் போல் விதைக்க; 4 முதல் 6 என்றால் ஒன்றுக்கு இரண்டாக விதைக்க; அதற்கும் குறைவென்றால் புதிது வாங்குக.

விதைக்கும் முறை

வேண்டியவை: அடியில் துளையுள்ள தட்டு அல்லது தொட்டி, செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம், நுண்துளைப் பூவாளி, பெயர் எழுதிய குச்சிகள்.

1. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம பாகமாகக் கலந்து சலித்துக்கொள்க. மணலுக்குப் பதில் கழுவிய தென்னை நார்க் கழிவும் ஆகும். எரு மக்கியதா என்பதற்கு அடையாளம், கையில் அள்ளினால் சூடும் நாற்றமும் இல்லாமல் உதிர்வது.
2. தொட்டியின் துளை மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழ்வரை கலவையை நிரப்புக. அமுக்கவேண்டாம், தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டினால் போதும்.
3. விதைப்பதற்கு முன்பே மண்ணை நன்றாக நனைத்து, நீர் வடியும் வரை காத்திருக்க. விதைத்தபின் வெள்ளமாய் ஊற்றினால் விதைகள் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.
4. விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் விதைக்க. மிக நுண்ணிய விதையானால் காய்ந்த மணலோடு கலந்து மேலே தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும்.
5. பெயரும் தேதியும் எழுதிய குச்சியை அப்பொழுதே நடுக. நாளைக்கு எழுதலாமென்று விட்டவர்கள் முளைத்தபின் எது எதுவென்று அறியாமல் திகைப்பதுண்டு.
6. எறும்புகள் சிறு விதைகளை வரிசையாய்ச் சுமந்து செல்லும். இரண்டே இரவில் ஒரு தட்டு காலியாகிவிடும். நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் விதைத் தட்டை வைப்பது இதற்குக் கண்கண்ட பரிகாரம். தாம்பாளத்து நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுக.
7. ஈரச் சாக்கினால் மூடி நிழலில் வைக்க. முதல் முளை தலைகாட்டிய அன்றே சாக்கை நீக்கி, காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுக. ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நெட்டையாகிவிடும்.
8. பூவாளியின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர் மழையாய் வந்து விழும்படி ஊற்றுக. வேளை, காலை. மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் அன்றைக்கு ஊற்றாமல் விடுக.

பெயர்த்து நடுதலும் நுனி கிள்ளுதலும்

முதலில் தோன்றும் வித்திலைகள் இரண்டையும் கணக்கில் சேர்க்காமல், அச்செடிக்கே உரிய வடிவத்தோடு 4 இலைகள் வந்தபின், அதாவது ஏறத்தாழ மூன்று நான்கு வாரத்தில், நாற்றைப் பெயர்க்கலாம்.

1. பெயர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக வெயிலுக்குப் பழக்குக.
2. மாலையில் மட்டும் நடுக. நட்ட செடிக்கு ஓர் இரவு ஓய்வு கிடைக்கும்.
3. முன்னதாக நனைத்து, வேரோடு மண்ணும் வருமாறு எடுக்க. நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குக, தண்டைப் பிடிக்கவேண்டாம். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போகும்.
4. முன்பிருந்த அதே ஆழத்தில் நட்டு, சுற்றிலும் மண்ணை அணைத்து நீர் ஊற்றுக. இரண்டு நாள் நிழல் தருக.
5. செண்டுமல்லி, ஜீனியா, வாடாமல்லி ஆகியவை அரையடி உயர்ந்ததும் நுனிக் குருத்தைக் கிள்ளிவிடுக. செடியைத் துன்புறுத்துகிறோமே என்று மனம் தயங்கும். ஆனால் கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் பல தோன்றி, ஒரு பூவுக்குப் பதில் ஐந்தாறு பூக்கள் கிடைக்கும். பெருந்தலைச் சூரியகாந்தியைக் கிள்ளக்கூடாது.
6. வாடிய பூவை அவ்வப்போது நீக்குக. விதை பிடிக்கவிட்டால் செடி தன் கடமை தீர்ந்ததென்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

- ஆழப் புதைத்தல். முளைக்கவில்லையென்று நாம் கருதும் விதைகளில் பல மண்ணுக்கடியில் முளைத்து, மேலே வரச் சக்தியின்றி மடிந்தவையே.
- நீர் மிகுதல். நாற்று மண்மட்டத்தில் இழையாய் மெலிந்து, நேற்று நின்றது இன்று சாய்ந்து கிடக்குமாயின் அது நாற்றழுகல் நோய். சாய்ந்தவற்றை மண்ணோடு அகற்றி, நீரைக் குறைத்து, காற்றோட்டமான இடத்துக்குத் தட்டை மாற்றுக. சாய்ந்த நாற்று பிழைக்காது; நிற்பவற்றைக் காப்பாற்றலாம்.
- நெருக்கம். முளைத்தவற்றில் எதையும் இழக்க மனமில்லாமல் ஒரே தொட்டியில் இருபது செடிகளை விட்டுவைத்தால் இருபதும் மெலியும். வலுவுள்ளவற்றை நிறுத்தி, மற்றவற்றைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டுக. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.
- உரத்தில் ஆவல். நாற்றுப் பருவத்தில் உரம் வேண்டாம். நட்ட மூன்றாம் வாரம் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு, பின்பு மாதம் ஒருமுறை அவ்வாறே செய்தால் போதும்.
- பூச்சியைக் கண்டதும் மருந்தடித்தல். அசுவினியும் மாவுப்பூச்சியும் தோன்றினால் முதலில் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுக. அடங்காவிடில் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க.

பாதுகாப்பு

பூவுக்காகச் செய்யும் காரியத்தில் அபாயம் என்ன இருக்கிறது என்று அலட்சியம் செய்யலாகாது.

1. அந்திமந்தாரையின் விதையும் கிழங்கும், நித்தியகல்யாணியின் எல்லாப் பாகங்களும் விஷத்தன்மை உள்ளவை. சங்குப்பூவின் விதையும் உண்ணத்தக்கது அன்று. மிளகைப் போலிருக்கும் விதையை அஞ்சறைப் பெட்டியின் அருகில் ஒருபோதும் வைக்காதீர்கள். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கான மருந்துகள் எடுக்கப்படுகின்றன என்பதைக் கேட்டு, வீட்டில் அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பது பெருந்தீங்கு.
2. கடை விதை இயற்கைக்கு மாறான சிவப்பிலோ பச்சையிலோ நீலத்திலோ இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி பூசியது. கையுறையோடு எடுக்க, மிஞ்சியதைப் பறவைக்கு இடாதீர்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்பினால் கழுவுக.
3. மண்ணிலும் எருவிலும் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும். கையில் காயமிருந்தால் வெறுங்கையால் மண்ணைத் தொடவேண்டாம். தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.
4. தொட்டிக்கடியில் வைக்கும் தட்டுகளிலும், எறும்புக்கு வைத்த தாம்பாளத்திலும் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் விளிம்பில் ஒட்டியிருக்குமாகையால் வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவவேண்டும்.
5. 12 அங்குலத் தொட்டி ஒன்று ஈர மண்ணோடு 20 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியில் நடுத்தளத்தில் குவிக்காமல், சுவர்களும் உத்தரங்களும் தாங்கும் ஓரங்களில் பரவலாக வைக்க. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது கீழே நடப்பவர் உயிருக்கு உலை வைப்பதாகும்.
6. நெடுநாள் அசையாத தொட்டியை நகர்த்துமுன் ஒரு கழியால் தட்டிப் பார்க்க. தேளும் பூரானும் ஈரமான அடியில் தங்குவது வழக்கம்.

அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்தல்

நோயற்ற, நன்றாய்ப் பூத்த ஒரு செடியைத் தேர்ந்து, அதில் இரண்டு மூன்று பூக்களைப் பறிக்காமல் விட்டுவிடுக. செண்டுமல்லியும் ஜீனியாவும் செடியிலேயே பழுப்பாகக் காய்ந்தபின் பறித்து உதிர்க்கலாம். காசித்தும்பையின் காய் முற்றினால் விரல் பட்ட மாத்திரத்தில் வெடித்து விதையைச் சிதறிவிடும். ஆகையால் காய் பருத்து வெளிறும்போதே மெல்லிய துணியால் ஒரு முடிச்சுக் கட்டி வைக்கவேண்டும். எடுத்த விதையை வெயிலில் வாட்டாமல் நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் இட்டுப் பெயரும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்க. வீரிய ஒட்டு விதையிலிருந்து வந்த செடியானால், அதன் விதை தாயைப் போலவே பூக்குமென்று எதிர்பார்க்க இயலாது. அத்தகைய வகைகளுக்கு ஆண்டுதோறும் புதிது வாங்குவதே முறை. நாட்டு வகைகளுக்கு அத்தேவை இல்லை.

எதிலிருந்து தொடங்குவது?

எட்டும் நன்றாக இருக்கின்றனவே என்று எட்டையும் ஒருங்கே தொடங்கவேண்டாம். வெயில் நிறைந்த வீட்டார்க்குச் செண்டுமல்லி, ஜீனியா, சங்குப்பூ ஆகிய மூன்றையும், வெயில் குறைந்த வீட்டார்க்குக் காசித்தும்பை, அந்திமந்தாரை ஆகிய இரண்டையும் முதலாண்டுக்குப் பரிந்துரைக்கிறோம். இவற்றை ஒரு பட்டம் விதைத்து, பூப் பறித்து, விதையும் எடுத்துவிட்டீர்களானால், மற்றவற்றை வளர்க்கப் புத்தகம் பார்க்கவேண்டிய அவசியமே அநேகமாக இராது. இவ்வாரமே ஒரு நாள் வெயிலை அளந்து, வரும் பட்டத்துக்கு வேண்டிய விதையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.